கடலுக்கடியில் கோணேசர் கோயில்: ஒரு ஸ்கூபா கதை

வெள்ளிக்கிழமை இரவு கொழும்பில் பஸ் ஏறினால் சனிக்கிழமை விடிகாலையில் திருகோணமலை. அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் நிலாவெளி. ஏழெட்டுப் பேர் கொண்ட நண்பர் கூட்டம் ஒன்று ஆளுக்கொரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு, உடம்போடு ஒட்டும் ரப்பர் உடையை இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஈயக்கட்டி பெல்ட், முதுகில் காற்று சிலிண்டர் என்று படகில் ஏறும். "கட்டை விரலை மேலே காட்டினால் சூப்பர் என்று அர்த்தம் இல்லை, மேலே போகலாம் என்று அர்த்தம்" என்று பயிற்சியாளர் இரண்டு முறை சொல்வார். அப்படியும் ஒருவர் தண்ணீருக்குள் போய் சந்தோஷத்தில் கட்டை விரலைக் காட்டுவார்! ஞாயிறு மாலை திரும்பும் பஸ், திங்கள் காலை ஆபீஸ்.

இப்படிப் போகிறவர்கள் பார்க்க அங்கே பல இடங்கள் உண்டு. பவளப்பாறைகளுக்குப் பேர்போன புறாத்தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம்தான். அது 2003இல் தேசியப் பூங்கா ஆனது. ஆனால் அந்த ஊரில் ஸ்கூபா டைவிங்கின் கதை மீன் பார்ப்பதில் தொடங்கவில்லை. ஒரு கோயிலில் தொடங்குகிறது. அதுவும் இடிக்கப்பட்டு, கடலுக்குள் தள்ளப்பட்டு, முந்நூறு வருடத்துக்கும் மேல் தண்ணீருக்குள் கிடந்த ஒரு கோயிலில்.

மலை மேல் மூன்று கோயில்

திருகோணமலை நகரத்திலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. அதன் கடைசியில் செங்குத்தாகக் கடலில் இறங்கும் பாறை. அதுதான் சுவாமி மலை. அந்தப் பாறையில் ஒரு பெரிய பிளவு இருக்கிறது. இராவணன் தன் தாய்க்காக மலையையே பெயர்க்கப் பார்த்தபோது வாளால் வெட்டியது என்பது ஐதீகம். 'இராவணன் வெட்டு' என்றே அதற்குப் பெயர்.

இங்கே இருந்த கோணேசர் கோயில் ஏழாம் நூற்றாண்டிலேயே தமிழ்நாடு வரை பெயர் பெற்றது. திருஞானசம்பந்தர் இதன் மேல் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். ஈழத்தில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டுதான். மன்னார்ப் பக்கம் திருக்கேதீஸ்வரம், கிழக்கே திருக்கோணேஸ்வரம். இதில் ஒரு சுவாரசியம், சம்பந்தர் கடல் தாண்டி வரவே இல்லையாம். இராமேஸ்வரத்தில் நின்றபடியே இந்தக் கோயிலை நினைத்துப் பாடினார் என்கிறது பெரியபுராணம். பார்க்க முடியாத ஒன்றை நினைவால் பிடித்து வைப்பது இந்தக் கோயிலின் கதையில் அப்போதே ஆரம்பித்துவிட்டது போல.

போர்த்துகீசியர் வந்தபோது அந்த முனையில் ஒன்றல்ல, மூன்று கோயில்கள் இருந்தன. உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, ஊரோடு சேரும் இடத்தில் ஒன்று. போர்த்துகீசிய ஆளுநர் கான்ஸ்டன்டினோ டி சா 1622-24 காலத்தில் இவற்றை இடித்தார். சித்திரை வருடப்பிறப்பு அன்று சுவாமி ஊர்வலம் போன நேரத்தில், பூசாரி வேடம் போட்ட சிப்பாய்கள் உள்ளே நுழைந்தார்கள் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதையில் எவ்வளவு உண்மை என்பது வேறு விஷயம். ஆனால் இடித்ததில் சந்தேகமே கிடையாது, இடித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இடித்த கல்லை என்ன செய்தார்கள்? இங்கேதான் கணக்கு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு கோட்டை கட்டப் போனது. திருகோணமலை இயற்கைத் துறைமுகம், உலகத்தின் மிகச் சிறந்த துறைமுகங்களில் ஒன்று. அதைக் காக்க ஒரு கோட்டை வேண்டும், கல்லோ பக்கத்திலேயே தயாராக இருக்கிறது. மற்றப் பங்கு செங்குத்துப் பாறையிலிருந்து கீழே, நேராகக் கடலுக்குள் போனது.

கடலுக்குக் கற்பூரம்

கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. 1639இல் கண்டி மன்னனின் உதவியோடு டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். நடுவில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து போனார்கள். 1795இல் பிரிட்டிஷ்காரர்கள் வந்தார்கள். பிரெடரிக் கோட்டை என்ற இன்றைய பெயர் அவர்கள் வைத்தது. ராணுவக் கோட்டைக்குள் கோயில் கட்ட யார் விடுவார்கள்?

கோயில் இல்லை. ஆனால் பூஜை நின்றதா? அதுதான் இல்லை!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே போன ஆங்கிலேயர்கள் ஒரு காட்சியை எழுதியிருக்கிறார்கள். இலங்கையின் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னென்ட் 1859இல் வெளியான தன் புத்தகத்தில் இதைச் சொல்கிறார். பூசாரி ஒருவர் பாறையின் விளிம்பு வரை போகிறார். கீழே அலை அடிக்கிறது. சிலை இல்லை, கருவறை இல்லை. பூ, பழம் எல்லாவற்றையும் கடலில் போடுகிறார். கற்பூரம் ஏற்றுகிறார். சுற்றி நிற்கும் ஜனங்கள் கடலைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். கோயில் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பாட்டி பேத்திக்குச் சொல்லி, பேத்தி தன் பேரனுக்குச் சொல்லி, பத்துப் பன்னிரண்டு தலைமுறையாக அந்த முகவரி மறக்கவில்லை. அவர்களால் முடியாதது ஒன்றே ஒன்றுதான், கீழே போய்ப் பார்ப்பது.

ஏன் போக முடியவில்லை? தமிழர்களுக்கு முத்துக்குளிக்கத் தெரியாதா என்று கேட்கலாம். நன்றாகவே தெரியும். தீவின் மறுபக்கம் மன்னார் வளைகுடாவில் இரண்டாயிரம் வருடமாகக் குளித்திருக்கிறார்கள். காலில் கல்லை மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்கி, ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடத்துக்குள் கையில் அகப்பட்ட சிப்பியை அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். மணல் தரையில் சிப்பி அள்ள ஒரு மூச்சு போதும். அலை மோதும் பாறை அடிவாரத்தில், பாசி மூடிய ஆயிரம் கற்களுக்கு நடுவில் எது செதுக்கிய கல் என்று தேட ஒரு மூச்சு போதாது.

சரி, தலையில் செப்புத் தொப்பி மாட்டிக்கொண்டு இறங்குவார்களே? 1830களிலேயே வந்துவிட்ட கருவிதான். ஆனால் அதற்கு மேலே ஒரு படகு, படகில் ஒரு பம்ப், பம்ப்பை இடைவிடாமல் சுற்ற ஆட்கள், இவர்களையும் கீழே இருப்பவரையும் இணைக்கும் ஒரு குழாய் எல்லாம் வேண்டும். துறைமுகத்தில் சரி. செங்குத்துப் பாறையை ஒட்டி அலை அடிக்கும் இடத்தில் படகே பாறையில் மோதிவிடும். செலவோ அரசாங்கமும் கப்பல் கம்பெனியும் மட்டும் தாங்கக்கூடியது.

ஆக, வேண்டியிருந்தது ஒரு மனிதன் தன் காற்றைத் தானே முதுகில் சுமந்துகொண்டு போகும் வழி.

விறகு வாயு காருக்கு ஒரு வால்வு

அந்த வழி பிறந்தது ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில், அதுவும் கடலே இல்லாத பாரிஸில். இரண்டாம் உலகப்போர் நேரம். பிரான்ஸ் ஜெர்மானியர் கையில். பெட்ரோல் கிடைக்காது. அதனால் கார்களை விறகு, கரியிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். ஏர் லிக்விட் என்ற வாயுக் கம்பெனியின் பொறியாளர் எமில் காக்னான் அந்த எஞ்சின்களுக்காக ஒரு சிறிய வால்வு செய்திருந்தார். எஞ்சின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு வாயுவை மட்டும் விடும் வால்வு.

1942 டிசம்பரில் அவரைத் தேடி ஒரு கடற்படை அதிகாரி வந்தார். பெயர் ஜாக் கூஸ்தோ. கூஸ்தோவின் மாமனார் அதே ஏர் லிக்விட் கம்பெனியில் இயக்குநர். எல்லா ஊரிலும் 'மாமனார் கம்பெனி' உதவத்தான் செய்கிறது! கூஸ்தோ கேட்டது இதுதான்: எஞ்சினுக்குப் பதில் ஒரு மனிதனின் நுரையீரல் இழுத்தால், இழுக்கும்போது மட்டும் காற்று தரும் வால்வு வேண்டும்.

இதில் என்ன பெரிய விஷயம்? தண்ணீரின் எடை. பத்து மீட்டர் ஆழத்துக்குப் போனால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. இருபது மீட்டரில் மூன்று மடங்கு. நெஞ்சை வெளியிலிருந்து தண்ணீர் நசுக்கும்போது உள்ளே வரும் காற்றும் அதே அழுத்தத்தில் இருந்தால்தான் மூச்சு விட முடியும். நீளமான ஒரு குழாயை மேலே நீட்டி வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் மூச்சு விடலாம் என்பது சினிமாவில் மட்டும் நடக்கும். காக்னான் வால்வின் பலம் இதுதான். சுற்றியிருக்கும் தண்ணீரின் அழுத்தத்தைத் தானே உணர்ந்து, அதே அழுத்தத்தில், மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்று விடும். வீணாவது குறைவு, சிலிண்டர் நீண்ட நேரம் வரும்.

1943 ஜனவரியில் பாரிஸுக்கு அருகே மார்ன் ஆற்றில் முதல் சோதனை. ஆள் நேராக நின்றால் காற்று வீணாக வெளியேறியது, தலைகீழானால் வரவே இல்லை. மூச்சு விடும் குழாயின் வாயும் வால்வும் ஒரே மட்டத்தில் இல்லாததுதான் காரணம் என்று கண்டுபிடித்துச் சரி செய்தார்கள். அந்த ஜூன் மாதம் தெற்குப் பிரான்சின் பாந்தோல் என்ற சிறிய கடற்கரை ஊருக்கு ரயிலில் ஒரு மரப்பெட்டி வந்தது. கூஸ்தோ, அவர் நண்பர்கள் தைலியே, துமா மூவரும் ஆள் நடமாட்டமில்லாத ஒரு கடலோரத்துக்குப் போனார்கள். கூஸ்தோ இறங்கினார். மனைவி சிமோன் மேலே முகமூடியோடு மிதந்தபடி கண்காணித்தார். ஏதாவது ஆனால் குதிக்கத் தயாராக துமா கரையில். கடற்கரை ஊருக்கு நண்பர்கள் கூட்டமாகப் போய், ஒருவர் மேல் ஒருவர் கண் வைத்துக்கொண்டு டைவ் அடிக்கும் வழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது பாருங்கள்.

அதே கூட்டம் ஆபத்தையும் சீக்கிரமே பார்த்தது. 1947இல் துலோன் கடலில் 120 மீட்டர் ஆழம் வரை இறங்கிய அவர்கள் குழுவின் மோரிஸ் ஃபார்க் உயிரோடு மேலே வரவில்லை. ஆழத்தில் நைட்ரஜன் மனிதனை மயக்கும் என்ற பாடத்துக்கு அது விலை. இன்று வார இறுதிக்குப் போகிறவர்களிடம் ஆழம் தாண்டாதே, துணையை விட்டுப் போகாதே, மெதுவாக மேலே வா என்று மந்திரம் போல ஓதுவதெல்லாம் இப்படி வந்தவைதான்.

போர் முடிந்ததும் 1946இல் கருவி கடைக்கு வந்தது. கடற்படைக்காரர்கள், பணக்காரர்கள், பிறகு சாதாரண ஆட்கள். 1953இல் லண்டனில் பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் தொடங்கியது. அமெரிக்காவில் 1960இல் நாவி, 1966இல் பாடி என்ற பயிற்சி அமைப்புகள் வந்தன. இன்று நிலாவெளியில் கையில் கொடுக்கும் டைவிங் கார்டின் மூலம் இந்த அமைப்புகள்தான்.

விண்வெளி ஆசையில் கடலுக்கு வந்தவர்

லண்டனில் டைவிங் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். அறிவியல் புனைகதை படிப்பவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. பூமியோடு சேர்ந்தே சுற்றும் செயற்கைக்கோள் மூலம் உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று 1945லேயே கட்டுரை எழுதியவர். விண்வெளி பற்றி எழுதுகிறவருக்குக் கடலில் என்ன வேலை? எடையே இல்லாமல் மிதப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அன்று பூமியில் இருந்த ஒரே வழி தண்ணீருக்குள் மிதப்பதுதான்!

1954 டிசம்பரில் அவர் ஹிமாலயா என்ற கப்பலில் ஆஸ்திரேலியா போனார். நோக்கம் அங்குள்ள பெரிய பவளத்திட்டில் டைவ் அடிப்பது. வழியில் கப்பல் கொழும்பில் சில மணி நேரம் நின்றது. அந்த இடைவெளியில் சந்தித்தவர் ரோட்னி ஜோன்க்ளாஸ், தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் வேலை பார்த்த கடல் உயிரியலாளர். இலங்கையைச் சுற்றியுள்ள கடலைப் பற்றி அவர் சொன்னதில் கிளார்க் விழுந்துவிட்டார். 1956இல் தன் டைவிங் கூட்டாளியான இளம் புகைப்படக்காரர் மைக் வில்சனோடு இலங்கைக்கு வந்தார். வந்தவர் 2008இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார்.

1956: பாறைக்கு அடியில்

வில்சன், கிளார்க், ஜோன்க்ளாஸ் என்ற இந்தக் கூட்டம் திருகோணமலைக்கும் போனது. கிழக்குக் கடற்கரையில் கடல் அமைதியாக இருப்பது சுமார் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தண்ணீர் கலங்கிவிடும். துறைமுகம் அப்போதும் பிரிட்டிஷ் கடற்படையிடம்தான். அவர்கள் அதைக் கைமாற்றியது 1957 அக்டோபரில்.

சுவாமி மலையின் அடியில் இறங்கியபோது முதலில் தெரிந்தது பாறைகள்தான். உருண்டு திரண்ட இயற்கைப் பாறைகள். பிறகு அவற்றுக்கு நடுவில் நேரான விளிம்புகள். நான்கு பக்கமும் வெட்டிய கற்கள். தூண்கள். பூ வேலைப்பாடு செதுக்கிய கற்கள். முந்நூறு வருடப் பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தாலும் உளி பட்ட கல் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. வில்சன் படம் எடுத்தார். கிளார்க் 1957இல் வெளியான 'தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரபேன்' என்ற புத்தகத்தில் எழுதினார். இப்போது கோயிலில் இருக்கும் சுயம்புலிங்கம் கடலுக்கடியிலிருந்து வில்சன் கொண்டுவந்தது என்று கோயில் வரலாற்றில் சொல்லப்படுகிறது.

அந்த 1956 எப்படிப்பட்ட வருடம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் 'சிங்களம் மட்டும்' சட்டம் நாடாளுமன்றத்தில் வந்தது. ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டுக்குத் தேர்ந்தெடுத்த ஊர் இதே திருகோணமலை. பல ஊர்களிலிருந்து ஜனங்கள் நடந்தே போனார்கள். 'எங்களுக்கு இங்கே எவ்வளவு நாள் வேர் இருக்கிறது' என்று ஒரு சமூகம் சொல்லிக்கொண்டிருந்த அதே வருடத்தில், அதே ஊரின் கடலடியில் தேவாரக் கோயிலின் கல் கண்ணில் பட்டது. டைவ் அடித்த மூவருக்கும் அரசியல் நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் கரையில் நின்றவர்களுக்கு அது வெறும் கல் இல்லை.

இதற்கு முன்பே 1950இல் ஊருக்குள் கிணறு தோண்டும்போது பழைய செப்புச் சிலைகள் கிடைத்திருந்தன. இடிப்புக் காலத்தில் சுவாமியைக் காப்பாற்றப் புதைத்து வைத்தவை என்று நம்பப்படுகிறது. நிலத்தில் சிலை, நீரில் தூண். மலை மேல் மீண்டும் கட்டிய கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது.

வெள்ளியும் அளவு நாடாவும்

கதை இங்கே முடிந்தால் ஒரு நல்ல சினிமா. ஆனால் ஐந்து வருடம் கழித்து அதே வில்சனுக்கு இன்னொரு அதிர்ஷ்டம் அடித்தது. அதையும் பார்த்தால்தான் திருகோணமலையில் என்ன விடுபட்டது என்பது புரியும்.

1961இல் இலங்கையின் தென்கிழக்குக் கடலில் கிரேட் பாசஸ் என்ற பாறைத்திட்டுக்கு வில்சன் படம் எடுக்கப் போனார். கூட வந்தவர்கள் இரண்டு அமெரிக்கச் சிறுவர்கள். கலங்கரை விளக்கம் நிற்கும் அந்தத் திட்டில் வருடத்தில் சில வாரங்கள் மட்டுமே இறங்க முடியும். அங்கே ஒரு பழைய கப்பலின் சிதைவும், வெள்ளி நாணயங்களும் கிடைத்தன. அவுரங்கசீப் காலத்து சூரத் ரூபாய்கள், ஹிஜ்ரி 1113, அதாவது சுமார் 1702ஆம் வருடத்தவை. மூட்டை மூட்டையாகக் கட்டி ஏற்றியவை. சாக்கு மக்கிப் போயிருந்தாலும் நாணயங்கள் மூட்டை வடிவத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருந்தன.

இந்த முறை கிளார்க் குழு ஒரு காரியம் செய்தது. 1963இல் திரும்பப் போகும்போது பீட்டர் த்ரோக்மார்ட்டன் என்பவரை அழைத்துப் போனார்கள். அவர் 1960இல் துருக்கியின் கெலிடோன்யா முனையில், வெண்கலக் காலக் கப்பல் ஒன்றை நீருக்கடியிலேயே அளந்து, வரைந்து ஆராய்ந்த குழுவில் இருந்தவர். நீருக்கடியிலும் நிலத்தைப் போலவே முறையாக அகழ்வாய்வு செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அந்த வேலைதான்.

ஆக 1956இல் கோணேசர் கல்லைப் பார்த்தபோது, பார்த்தவர்களுக்கு எடுத்துப் பார்க்க ஒரு முன்மாதிரியே உலகத்தில் கிடையாது. அது நான்கு வருடம் கழித்துத்தான் வந்தது. அவர்களிடம் இருந்தவை கண், கேமரா, ஆர்வம். இல்லாதது அளவு நாடா. எந்தக் கல் எந்த ஆழத்தில், எந்தக் கல்லுக்குப் பக்கத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்ற வரைபடம் இல்லாவிட்டால் எது உச்சிக் கோயில் கல், எது நடுக் கோயில் கல், எது பிற்காலத்தில் விழுந்தது என்று பிரிப்பது கஷ்டம்.

இதைப் புரிந்துகொள்ளக் கணக்குப் புத்தகத்தை நினைத்தால் போதும். பழைய பேரேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்துவிட்டால் தொகை தெரியும். ஆனால் யார் கணக்கு, எந்தத் தேதி, எதற்கு எதிராக எழுதியது என்பது போய்விடும். கடலடியில் ஒரு கல்லை இடம் மாற்றுவதும் அப்படித்தான். கல் கையில் இருக்கும், கணக்கு போயிருக்கும்.

கண்டுபிடித்தது யார்?

'1956இல் கிளார்க்கும் வில்சனும் கண்டுபிடித்தார்கள்' என்றுதான் பல இடங்களில் எழுதியிருக்கும். அந்த வார்த்தை சரியா?

பாறை விளிம்பில் நின்று கடலுக்குக் கற்பூரம் காட்டியவருக்குக் கோயில் அங்கேதான் இருக்கிறது என்று தெரியாதா? அவரைப் பொறுத்தவரை தொலைந்தால்தானே கண்டுபிடிக்க? அந்த மூவர் செய்ததைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. ஊர் நினைவை வெளியார் 'ஐதீகம்' என்று ஒதுக்கிவிடலாம். போட்டோவை அப்படி ஒதுக்க முடியாது. நினைவு 'உண்டு' என்றது. டைவ் அடித்தவர்கள் 'ஆமாம், பார்த்தோம்' என்றார்கள். ஒரு வழக்கில் வாதியும் சாட்சியும் போல. சாட்சி முக்கியம்தான். ஆனால் வழக்கைப் பன்னிரண்டு தலைமுறை தாங்கி வந்தது சாட்சி இல்லை.

மூவரில் ஒருவருக்கு இது உறைத்துவிட்டது போலும். மைக் வில்சன் 1962இல் 'ரன்முத்து தூவ' என்ற முதல் முழுநீளச் சிங்கள வண்ணப்படத்தை இயக்கினார். நீருக்கடியில் எடுத்த காட்சிகளால் அது பேசப்பட்டது, திருகோணமலையும் அதில் வருகிறது. பிறகு 1970களில் சினிமா, கேமரா எல்லாவற்றையும் விட்டுத் துறவு பூண்டார். சுவாமி சிவகல்கி என்று பெயர், கதிர்காமத்து முருகன் மேல் பக்தி. கல்லைப் பார்க்கப் போனவர் கல்லுக்கு முன் உட்கார்ந்துவிட்டார்.

இன்று போகிறவர்களுக்கு

1983இல் போர் தொடங்கியதும் திருகோணமலைக் கடல் கடற்படைக் கட்டுப்பாட்டுக்குள் போனது. மீனவர்களுக்கே கடலுக்குப் போக நேரமும் எல்லையும் வைத்த காலத்தில் சுற்றுலா எங்கே? 2004 டிசம்பரில் சுனாமி வேறு அந்தக் கரையை அடித்துப் போட்டது. 2009இல் போர் முடிந்த பிறகுதான் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வார இறுதிக் கூட்டங்கள் பெருகின. சுவாமி மலை அடிவாரமும் இப்போது டைவ் அடிக்கிறவர்கள் போகும் இடங்களில் ஒன்று.

இதில் நல்லதும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஒரு காலத்தில் உலகத்திலேயே மூன்று பேருக்குக் கிடைத்த காட்சி இன்று சில நாள் பயிற்சி எடுத்த யாருக்கும் கிடைக்கும். அதே சமயம் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் ஒரு சின்ன செதுக்குக் கல்லை 'ஞாபகார்த்தமாக' எடுத்தால் பத்து வருடத்தில் அந்தப் பேரேட்டில் தாளே மிஞ்சாது. இலங்கையில் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. நீருக்கடியில் இருப்பதை முடிந்தவரை இருந்த இடத்திலேயே காப்பதுதான் முதல் வழி என்று யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு ஒப்பந்தமும் சொல்கிறது. ஆனால் இருபது மீட்டர் ஆழத்தில் போலீஸ் நிற்பதில்லை. அங்கே சட்டம் என்பது டைவ் அடிப்பவரின் கைதான்.

அந்தக் காலத்து ஆட்களும் எல்லாவற்றிலும் முன்மாதிரி இல்லை. 1956இல் கான் விழாவில் பரிசு வாங்கிய கூஸ்தோவின் 'மௌன உலகம்' படத்தில் பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள், சுறாக்களை அடித்துக் கொல்கிறார்கள். இன்று யாராவது அப்படிப் படம் எடுத்தால் கேஸ் விழும். அவர்கள் கற்றுக்கொண்டே போனார்கள். அடுத்து வருகிறவர்கள் அதையெல்லாம் முதலிலிருந்து செய்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

கடைசியாக ஒன்று. இந்தக் கோயிலின் கல்லைப் பார்க்க நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழி பிரெடரிக் கோட்டை வாசல் வழியாகத்தான் போகிறது. அந்த வாசலில் தமிழ் எழுத்துப் பொறித்த ஒரு பழைய கல் கட்டடத்தோடு சேர்த்துப் பதித்து வைக்கப்பட்டிருக்கிறது, மீன் சின்னங்களும் உண்டு. இடித்ததில் கோட்டைக்குப் போன பங்கு அது. தினமும் எத்தனையோ பேர் மேலே போகும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போகிறார்கள். அடுத்த முறை திருகோணமலை போகிறவர்கள், டைவ் அடிக்கிறார்களோ இல்லையோ, அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம். டிக்கெட்டும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம்.